உறுப்பு தானத்துக்கு மதம் குறுக்கே நிற்கிறதா?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு சின்ன அறை இருக்கும். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தாரை அங்கே உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி முடித்ததும் இரண்டு கேள்விகள் வரும். "பாடியை எப்ப குடுப்பீங்க?" என்பது ஒன்று. "எங்க வழக்கத்துல இதுக்கு இடம் இருக்கா சார்?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு, "எல்லா மதமும் தானத்தை ஆதரிக்குதுங்க" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். விழிப்புணர்வு போஸ்டர்களிலும் அதுதான் எழுதியிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். மதங்கள் இந்த விஷயத்தில் எதைப் பற்றி வாதாடின, எங்கே இறங்கி வந்தன, எங்கே இன்னும் இறங்கி வரவில்லை என்பது மீதிக் கதை. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் மருத்துவ அறம் என்ற சொல். நோயாளிக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விகள்தான் அது. 1979-இல் பீச்சம், சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய பாடநூல் இதற்கு நான்கு அளவுகோல்களைக் கொடுத்தது: நோயாளியின் சொந்த முடிவை மதிப்பது, நல்லது செய்வது, கெடுதல் செய்யாமலிருப்பது, பங்கீட்டில் நியாயம். மருத்துவக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் தொடங்குகிறது. இதில் எங்கும் கடவுள் பெயர் கிடையாது. ஆனால் அந்த இருவரில் சில்ட்ரஸ் இறையியல் படித்தவர். இன்னும் பின்னால் போனால், ஹிப்போக்ரட்டிஸ் உறுதிமொழி அப்பல்லோ தெய்வத்தின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறது. ஆயுர்வேத ஆசிரியர் சரகர் சொல்லும் மருத்துவ மாணவன் தீ வளர்த்து அதன் முன்னால் உறுதி எடுக்கிறான். மருத்துவ அறத்தின் வேர் மதத்துக்குள் இருக்கிறது. கிளை வெளியே வந்துவிட்டது. அதனால்தான் இரண்டும் அடிக்கடி உரசிக்கொள்கின்றன.

உறுப்பு மாற்றில் அந்த உரசல் தொடக்கத்திலேயே வந்தது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரேயின் குழு, உருவத்தில் ஒன்றாயிருந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தியது. வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுதான். அங்கே சிக்கல் நோயாளியைப் பற்றியது அல்ல, கொடுப்பவரைப் பற்றியது. நோய் நொடி இல்லாத ஓர் ஆளை மேஜையில் படுக்க வைத்து, அவர் உடம்புக்கு எந்த நன்மையும் தராத பெரிய அறுவையை எப்படிச் செய்வது? "கெடுதல் செய்யாதே" என்ற பழைய விதி என்ன ஆவது? மர்ரேயின் குழு வெளி மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் கேட்டது. கூடவே எல்லாப் பிரிவு மதகுருமார்களையும் கேட்டது. பதில் தெரியாத இடத்தில் டாக்டர்களே போய் மதத்தின் கதவைத் தட்டினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதம் அழையாத விருந்தாளியாக உள்ளே நுழைந்தது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

உயிரோடு இருப்பவர் கொடுப்பதை இன்று பெரும்பாலான மதங்கள் ஏற்கின்றன. கொடுப்பவருக்குப் பெரிய ஆபத்து இருக்கக்கூடாது, கட்டாயம் இருக்கக்கூடாது, விலை பேசக்கூடாது என்பவை நிபந்தனைகள். இறந்தபின் கண்ணைக் கொடுப்பதிலும் பெரிய தத்துவச் சிக்கல் கிடையாது. இதயம் நின்று, எல்லாருக்கும் தெரிந்த வழியில் சாவு வந்துவிட்டது. அதற்குப்பின் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். உண்மையான வாதம் எல்லாம் மூளைச்சாவு என்ற ஒரே இடத்தில்தான் குவிந்திருக்கிறது.

இதயம், கல்லீரல், நுரையீரல் போன்றவற்றை இறந்தவரிடமிருந்து எடுக்க வேண்டுமானால் கடைசிவரை அவற்றுக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது ஆள் இறந்திருக்க வேண்டும், ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு நிலைமையே கிடையாது. 1950-களில் வெண்டிலேட்டர் பரவலானபிறகுதான் வந்தது. மூளை முழுக்கச் செத்தபின்னும் இயந்திரம் காற்றைத் தள்ளும், பிராணவாயு கிடைப்பதால் இதயம் தன்பாட்டில் துடிக்கும். 1957-இல் மயக்கவியல் மருத்துவர்கள் இதைப் பற்றிப் போப் பன்னிரண்டாம் பயஸிடமே கேட்டார்கள். அசாதாரணமான முயற்சிகளைத் தொடர்ந்துகொண்டே இருக்கக் கடமை இல்லை, சாவின் நேரத்தைத் தீர்மானிப்பது மருத்துவர்களின் வேலை என்று அவர் பதில் சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1967 டிசம்பரில், கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மூளை மீளாமல் நின்றுபோனதைச் சாவாகக் கொள்ளலாம் என்று அறிக்கை வெளியிட்டது.

இந்தச் சாவை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால் மதங்களின் கேள்வி புரியும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், பாவை சுருங்குகிறதா? கருவிழியை மெல்லத் தொடுவார்கள்; இமை அசைகிறதா? காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். கண் அந்தப் பக்கம் நகர்கிறதா? தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்ப்பார்கள், இருமல் வருகிறதா? எதற்கும் பதில் இல்லையென்றால் கடைசியாக மூச்சுச் சோதனை. சிறிது நேரம் பிராணவாயு கொடுத்துத் தயார்செய்துவிட்டு வெண்டிலேட்டரைக் கழற்றுவார்கள். மெல்லிய குழாய் வழியாகப் பிராணவாயு மட்டும் போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போகும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அந்த ஏற்றம் தாங்காமல் மூச்சு இழுத்துவிடும். டாக்டர் சட்டையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையுமே பார்த்துக்கொண்டு நிற்பார். நிமிஷங்கள் ஓடும். கரியமிலவாயு 60 அளவைத் தாண்டியும் நெஞ்சு ஏறவில்லை என்றால் மூளைத்தண்டு செத்துவிட்டது. இந்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு இதைச் சான்றளிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இன்னொரு முறையும் சோதிக்க வேண்டும்.

இப்போது ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள். உடம்பு சூடாக இருக்கிறது. மானிட்டரில் கோடு ஏறி இறங்குகிறது. நெஞ்சு உயர்ந்து தாழ்கிறது. டாக்டர் வந்து "இறந்துட்டார்" என்கிறார். இதை நம்ப மறுப்பது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1968 அறிக்கை வந்த சூட்டோடு அதைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவவாதி. உறுப்பு வேண்டும் என்பதற்காகச் சாவின் எல்லைக்கோட்டை முன்னால் நகர்த்துகிறோமா என்பது அவருடைய சந்தேகம். மதங்களும் அதே கேள்வியைத்தான் தங்கள் தங்கள் நூல்களை வைத்துக் கேட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் யூதர்களுடையது. அவர்களுடைய பழைய சட்ட விவாத நூலான தல்மூதில் ஒரு சூழல் வருகிறது. ஓய்வுநாளில் கட்டடம் இடிந்து ஒருவர்மேல் விழுந்துவிட்டது. ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது. ஆனால் உயிரைக் காப்பாற்ற எந்த விதியையும் மீறலாம். ஆகவே தோண்டலாம். சரி, எதுவரை தோண்டுவது? ஆள் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் நிறுத்திவிட வேண்டுமே. மூக்குவரை தோண்டிப் பார், மூச்சு இருக்கிறதா என்று பார் என்கிறார் ஒருவர். இல்லை, இதயம் இருக்கும் இடம்வரை பார்க்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இடிபாட்டுக்கு நடுவே, அவசரத்தில் எழுந்த இந்தக் கேள்வியை வைத்துத்தான் இருபதாம் நூற்றாண்டு ரபிகள், அதாவது யூத மதகுருமார்கள், வெண்டிலேட்டரைப் பற்றி வாதாடினார்கள். மூச்சே அளவுகோல் என்றவர்கள், மூச்சுச் சோதனை காட்டுவது அதைத்தானே என்று மூளைச்சாவை ஏற்றார்கள். இதயமே அளவுகோல் என்றவர்கள், துடிக்கும் இதயத்தை எடுப்பது கொலை என்றார்கள். 1986-இல் இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் முதல் பக்கம் சாய்ந்து இதய மாற்றுக்கு வழிவிட்டது. 2008-இல் சட்டமும் வந்தது. அப்படியும் எல்லா ரபிகளும் ஏற்கவில்லை.

அந்தப் பிளவை அந்த நாடு கையாண்ட விதம்தான் கவனிக்க வேண்டியது. இஸ்ரேலின் உறுப்பு தான அட்டையில், "என் மறைவுக்குப்பின் என் குடும்பம் தேர்ந்தெடுக்கும் மதகுரு ஒப்புதல் தந்தால் மட்டும்" என்று குறித்துக்கொள்ள ஒரு கட்டம் உண்டு. அமெரிக்காவில் ஹலாகிக் (யூத மதச் சட்டப்படியான) உறுப்பு தானச் சங்கம் தந்த அட்டையில், மூளைச்சாவிலேயே எடுக்கலாமா, இதயம் நின்றபிறகா என்று கையெழுத்திடுபவரே தேர்ந்துகொள்ள முடிந்தது. நியூ ஜெர்சி மாநிலம் ஒரு படி மேலே போய், மத நம்பிக்கை காரணமாக மூளைச்சாவை ஏற்காதவரை அந்த அடிப்படையில் இறந்ததாக அறிவிக்கக்கூடாது என்று 1991-இல் சட்டமே போட்டது. மாநில எல்லையாக ஓடும் ஆற்றின் இந்தக் கரையில் ஒருவர் இறந்தவர், அந்தக் கரையில் உயிரோடிருப்பவர் என்று ஆகிறதே எனக் கேலி செய்பவர்கள் உண்டு. நோயாளியின் முடிவை மதிப்பது என்ற அளவுகோலை அதன் கடைசி எல்லைவரை இழுத்தால் அங்கேதான் போய் நிற்கும்.

கத்தோலிக்கத் தரப்பில் இவ்வளவு இழுபறி இல்லை. 2000 ஆகஸ்டில் ரோமில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர் மாநாட்டில் இரண்டாம் ஜான் பால் பேசினார். மூளையின் செயல்பாடு முழுமையாக, மீளாமல் நின்றதை முறையாக உறுதிசெய்தால் அது மனிதரைப் பற்றிய திருச்சபையின் பார்வையோடு முரண்படாது என்றார். ஆனால் அவருக்கு அடுத்து வந்த பதினாறாம் பெனடிக்ட் கதை வேடிக்கையானது. கர்தினாலாக இருந்தபோது தன்னிடம் உறுப்பு தான அட்டை இருப்பதைப் பெருமையாகச் சொன்னவர் அவர். போப் ஆனதும் அந்த அட்டை செல்லாமல் போய்விட்டது என்று 2011-இல் வத்திக்கான் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. போப்பின் உடல் திருச்சபைக்கு உரியது, முழுதாக அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது காரணம். கொள்கை ஒரு பக்கம் இருக்க, சடங்கு வேறு பக்கம் இழுப்பது நம் ஊர் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை.

இஸ்லாத்துக்கு வருவோம். இங்கே எதிரெதிராக இரண்டு போதனைகள் நிற்கின்றன. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற நபிமொழி ஒரு பக்கம். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற குர்ஆன் வசனம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, கடும் தேவை விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற சட்ட விதி பாலம் போடுகிறது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி மூளைச்சாவைச் சாவாக ஏற்றது. 1988-இல் ஜித்தாவில் உறுப்பு மாற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. உறுப்பை விற்பது கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. தெற்காசிய உலமாக்களில், அதாவது மார்க்க அறிஞர்களில், ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், அதைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். அதனால் "இஸ்லாம் அனுமதிக்கிறது", "இஸ்லாம் தடுக்கிறது" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், எந்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு), எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண்டைக் கேட்பதற்குக் காரணம் சிங்கப்பூர். அங்கே 1973-இல் வந்த ஃபத்வா சிறுநீரக மாற்றைக் கூடாது என்றது. 1986-இல் அதே இஸ்லாமிய மன்றம், வேறு வழியில்லாத தேவையில் செய்யலாம் என்று மாற்றிச் சொன்னது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர் எல்லாரும் சிறுநீரகத்தைத் தானம் செய்யச் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார் என்ற சட்டம். அதில் முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு. விருப்பமுள்ள முஸ்லிம் தனியாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும், குடும்பத்து ஆண்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்க மரியாதையான ஏற்பாடுதான். நடைமுறையில் அது சமூகத்துக்கே பாதகமாகப் போனது. இந்தச் சட்டத்தின் கீழ் தானம் தராதவருக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை குறைவு. மலாய் சமூகத்திலோ சிறுநீரகச் செயலிழப்பு அதிகம். எழுதிக் கொடுத்த முஸ்லிம்கள் குறைவு என்பதால், உறுப்பு அதிகம் தேவைப்பட்டவர்களே பட்டியலில் கீழே இருந்தார்கள். பல ஆண்டுப் பேச்சுக்குப்பின் 2007-இல் புதிய ஃபத்வா வந்தது: முஸ்லிம்களையும் அந்தச் சட்டத்துக்குள் சேர்க்கலாம். 2008 ஆகஸ்டிலிருந்து சேர்த்தார்கள். 35 ஆண்டுகளில் "கூடாது" என்பதிலிருந்து "விலகாதவர் எல்லாரும் சம்மதித்தவரே" என்பதுவரை ஒரே மன்றம் நடந்து வந்திருக்கிறது. வேதம் மாறவில்லை. மருத்துவம் தேறியது, சமூகத்தின் தேவை மாறியது, ஃபத்வா தரும் முஃப்திகள் டாக்டர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள்.

பாகிஸ்தானில் சமூக சேவகர் அப்துல் சத்தார் எதி 2016-இல் இறந்தபோது தன் உறுப்புகளைக் கொடுக்க விரும்பினார். முதுமையாலும் நோயாலும் கண்கள் மட்டுமே பயன்பட்டன. பாகிஸ்தானுக்குக் கண்கள் எங்கிருந்து வந்துகொண்டிருந்தன என்று பார்த்தால் கதை இலங்கைக்குப் போகிறது. 1958-இல் ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவர் கண் தானம் கேட்டுப் பிரசாரம் தொடங்கினார். பின்னால் அவர் அமைத்த கண் தானச் சங்கம் 1964-இல் முதல்முறையாகச் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. பிறகு எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியது. மிக அதிகமாகப் பெற்ற நாடுகளில் பாகிஸ்தான் ஒன்று. சிங்களப் பௌத்தர்களுக்கு இந்தத் தானத்தில் தயக்கம் ஏன் இல்லை? சிபி அரசன் பார்வையற்ற பிராமணனுக்குத் தன் கண்களையே கொடுத்த ஜாதகக் கதை அவர்களுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். நமக்குத் தெரிந்த சிபி வேறு: புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் வைத்தவன், சோழர்கள் தம் முன்னோன் என்று சொல்லிக்கொண்டவன். அவர்கள் கதையில் கண், நம் கதையில் சதை.

ஆனால் இதை வைத்து "பௌத்தம் ஆதரிக்கிறது" என்று முடித்துவிட முடியாது. பௌத்தமும் ஷிண்டோவும் கலந்த ஜப்பானில் நிலைமை நேர்மாறு. 1968-இல் சப்போரோவில் நடந்த முதல் இதய மாற்றில், கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற சர்ச்சை வெடித்து, அந்த டாக்டர்மேல் போலீஸ் விசாரணைவரை போனது. அதற்குப்பின் மூளைச்சாவை ஏற்கும் சட்டம் வர 1997 ஆயிற்று. அதிலும் இறந்தவரின் எழுத்து, குடும்பத்தின் சம்மதம் இரண்டும் வேண்டும் என்று வைத்து, 2010-இல்தான் தளர்த்தினார்கள். காரணம் மதமா, டாக்டர்மேல் போன நம்பிக்கையா? என் கணக்கில் இரண்டாவதன் பங்குதான் அதிகம். இன்னொரு பக்கம், உலகிலேயே உறுப்பு தானத்தில் பல ஆண்டுகளாக முன்னணியில் இருப்பது ஸ்பெயின். பத்து லட்சம் பேருக்கு 40-க்கும் மேல் கொடையாளர்கள். கத்தோலிக்க நாடு என்பது மட்டும் காரணமானால் மற்ற கத்தோலிக்க நாடுகளும் அங்கே இருக்க வேண்டுமே. 1989-இல் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கி, மருத்துவமனை தோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்ததுதான் அவர்கள் செய்த வேலை.

இந்து சமயத்தில் ஃபத்வா கொடுக்கவோ, எல்லாருக்குமாகப் பேசவோ ஒரு தலைமை இல்லை. அதனால் மேடைக்கு மேடை புராணம்தான் சாட்சிக்கு வரும். வஜ்ராயுதம் செய்யத் தன் எலும்பைக் கொடுத்த ததீசி முனிவர், லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிந்தபோது தன் கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பர், பழைய துணியைக் களைவதுபோல ஆன்மா உடலைக் களைகிறது என்ற கீதை சுலோகம். "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" என்ற குறள் எந்தச் சமயத்துக்கும் பொது. இவையெல்லாம் மனசை இளக்கும், உண்மைதான். விநாயகருக்கு யானைத்தலை வைத்ததே முதல் உறுப்பு மாற்று என்று பேசுவதை மட்டும் விட்டுவிடலாம். அந்தக் கதையில் யானையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

புராணம் சொல்லியும் தயங்குகிற குடும்பத்தின் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பிறவியில் கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாரோ? உடம்பு பின்னமானால் ஆத்மா அலையுமோ? எந்தக் கொள்கையை வைத்து யோசித்தாலும் இதற்குப் பதில் எளிது. அடுத்த பிறவியைத் தீர்மானிப்பது வினை, உடம்பின் முழுமை அல்ல. எப்படியும் அந்தக் கண் மறுநாள் சிதையில் எரியப்போகிறது. இப்படி வாதமாகச் சொன்னால் துக்கத்தில் இருப்பவர் காதில் ஏறாது என்பது வேறு விஷயம். "தையல் போட்டு, துணி சுத்தித்தான் தருவோம். முகம் அப்படியே இருக்கும். குளிப்பாட்டலாம், வாய்க்கரிசி போடலாம், கொள்ளி வைக்கலாம்" என்று ஒருவர் நிதானமாகச் சொல்வது அதைவிட உதவும். அவர்கள் உண்மையில் கேட்டது அதைத்தான்.

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் ஒரு அறிவிப்பு செய்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு இனி அரசு மரியாதையோடு நடக்கும் என்று. விழிப்புணர்வுப் பேச்சுகளைவிட இது கெட்டிக்காரத்தனமானது என்று நினைக்கிறேன். சடங்கு குறைந்துவிடுமோ என்று பயந்த வீட்டில், மாவட்ட அதிகாரி மாலையோடு வந்து நிற்கும்போது சடங்கு ஒரு படி கூடுகிறது.

மதம் தெளிவாக மறுத்து, பிறகு மாறியதற்கும் உதாரணம் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியும். 1967-இல் அவர்களுடைய தலைமை உறுப்பு மாற்றையும் சேர்த்துத் தவறு என்றது; 1980-இல் அது அவரவர் மனசாட்சி என்று விட்டுவிட்டது. ரத்தத் தடை மட்டும் இன்றும் நிற்கிறது. அதனால் ரத்தமே ஏற்றாமல் கல்லீரல் மாற்றுவரை செய்யப் பழகிய குழுக்கள் சில நாடுகளில் இருக்கின்றன. இங்கே மருத்துவ அறம் ஒரு கோடு போடுகிறது. வயது வந்தவர் சுயநினைவோடு மறுத்தால், செத்துவிடுவார் என்று தெரிந்தாலும் வற்புறுத்துவதில்லை. குழந்தைக்காகப் பெற்றோர் மறுத்தால் பல நாடுகளில் நீதிமன்றம் குறுக்கிட்டு ரத்தம் ஏற்ற உத்தரவிடுகிறது. தன் நம்பிக்கைக்காகத் தன் உயிரைக் கொடுக்க உரிமை உண்டு, பிள்ளை உயிரைக் கொடுக்க இல்லை என்பது அந்தக் கோடு.

நான்காவது அளவுகோலான நியாயம் இன்னும் பாக்கி இருக்கிறது. கொடுக்க மறுப்பவர் வாங்கிக்கொள்ளலாமா? மூளைச்சாவு சாவே அல்ல என்பவர், மூளைச்சாவடைந்த இன்னொருவரின் இதயத்தை ஏற்கலாமா? இஸ்ரேலில் இது வெறும் தத்துவக் கேள்வியாக நிற்கவில்லை. முன்கூட்டியே அட்டையில் கையெழுத்திட்டவருக்குப் பட்டியலில் முன்னுரிமை என்று 2008-இல் வந்த இன்னொரு சட்டம் சொன்னது. மனசாட்சிப்படி கையெழுத்துப் போட முடியாதவரைத் தண்டிப்பதாகும் என்று அங்குள்ள தீவிர மதவாதிகள் எதிர்த்தார்கள். எனக்கு இதில் இரண்டு மனசு. நியாயம் புரிகிறது. ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் "நீ என்ன நம்பினாய்" என்று கேட்கும் மருத்துவம் உறுத்துகிறது. இதன் மறுமுனையும் இருக்கிறது: நான் கொடுக்கிறேன், ஆனால் எங்கள் ஆட்களுக்கு மட்டும். 1998-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு குடும்பம் வெள்ளையருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு உறுப்புகளைக் கொடுத்தது, அதை ஏற்றும்விட்டார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. நிபந்தனை போட்டால் ஏற்கவே கூடாது என்று 2000-இல் விசாரணைக் குழு சொன்னது. மதத்தின் பெயரால் நிபந்தனை வந்தாலும் பதில் அதேதான்.

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மதத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டவர் இறந்தாலும், குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் நடைமுறையில் யாரும் உறுப்பை எடுப்பதில்லை. ஆகவே மத ஆட்சேபம் என்று ஒன்று வந்தால் அது வேதத்திலிருந்து வராது. ஊரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கும் பெரியப்பா போனில் சொல்வதாகத்தான் வரும். பத்து லட்சம் பேருக்கு ஒரு கொடையாளர்கூட இல்லாத நாடு இது. அதற்கு மதத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், எத்தனை மருத்துவமனைகள் மூளைச்சாவை முறையாக அறிவிக்கின்றன, எத்தனை இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.

நேரம்தான் பல வீடுகளில் உண்மையான தடை. முஸ்லிம் குடும்பம் சீக்கிரம் ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கம் செய்ய நினைக்கும். இந்துக் குடும்பம் பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்னும். விபத்து வழக்கு என்றால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை வேறு இருக்கிறது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், உறுப்பு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானத்தால்தான் எல்லாத் தாமதமும் என்ற எண்ணம் அப்போது பாதி குறையும். இரண்டு சோதனைகளுக்கு நடுவே எப்படியும் ஆறு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் பள்ளிவாசல் இமாமையோ பங்குத்தந்தையையோ குடும்பம் மதிக்கும் வேறு பெரியவரையோ வரவழைக்கலாம். டாக்டரிடம் அவரே நேரடியாகக் கேட்கட்டும். இரண்டாவது மூச்சுச் சோதனையின்போது வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன.